மரகதம் நர்ஸின் குடக்கணக்கும் நான் அடித்த ஏழு பெயர்களும்

நாமக்கல்லில் இருந்து எருமப்பட்டிப் பக்கம் ஒரே நாளில் போய்வர வழி கேட்டு, போன மாதம் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் கொல்லிமலைக்கு பைக்கில் போகிறவர். இன்னொருவர் நர்ஸிங் படிக்கும் பெண், களப்பணிக்காக அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு மாதம் சுற்றப் போகிறாராம். பைக்கில் போகிறவருக்குச் செல்போன் வரைபடமே போதும். அந்தப் பெண்ணுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் பயணம் எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதச் செவ்வாய்க்கிழமை நடந்தது. பஸ் நேரமும் கட்டணமும் அன்றைக்கு உள்ளவை, அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சேலத்தில் ஒரு சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவு எழுத்தர். நாமக்கல் அன்று தனி மாவட்டம் ஆகவில்லை, அதனால் அந்தப் பக்கத்துக் கிராமப் பட்டியல்கள் எல்லாம் சேலத்துக்கு வந்து என் மேஜையில் விழும். எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், கூட்டல் தவறாது. இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஜில்லாவே என் விரல் நுனியில் இருப்பதாக நினைப்பு.

அந்தச் சித்திரையில் எருமப்பட்டிக்கு அப்பால் சில ஊர்களில் மஞ்சள் காமாலை பரவியது. கிணறுகள் அடிவரைக்கும் வற்றியிருந்தன, இருந்த கொஞ்சம் தண்ணீரும் கெட்டிருந்தது. தண்ணீரால் வரும் காமாலை மற்றவர்களைப் படுக்கவைத்து எழுப்பிவிடும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு வந்தால் உயிரையே கேட்கும். ஆகவே நோய் வந்த ஊர்களில் எத்தனை கர்ப்பிணிகள் என்று நர்ஸுகளிடம் பட்டியல் கேட்டார்கள். எந்த ஊரில் எண்ணிக்கை அதிகமோ அங்கே டாக்டரும் வேனும் முதலில் போகும், குறைவான ஊருக்குக் கடைசியில். இருந்தது ஒரே வேன்.

பட்டியல்களை ஒப்பிட்டது நான். ஒரு ஊரில் (பெயரை வேலங்காடு என்று வைத்துக்கொள்வோம், நிஜப் பெயரைச் சொன்னால் நீங்கள் நேரே போய் அவர்கள் வாசலில் நின்றுவிடுவீர்கள்) பதினோரு கர்ப்பிணிகள் என்று எழுதியிருந்தது. அதில் ஏழு பேர் வேறு ஊர்ப் பட்டியல்களிலும் இருந்தார்கள். அதே பெயர், அதே கணவன் பெயர். ஒரு ஆளை இரண்டு இடத்தில் எண்ணக்கூடாது அல்லவா? குடும்பப் பதிவேடு கணவன் வீட்டில்தானே இருக்கிறது? வேலங்காட்டில் இருந்த ஏழு பெயரையும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் என் கையெழுத்துச் சுருக்கத்தையும் போட்டேன். மிச்சம் நான்கு. வேலங்காடு வரிசையில் கடைசிக்குப் போனது. வேன் வர இன்னும் பன்னிரண்டு நாள்.

அதோடு விட்டேனா? "அந்த ஊர் நர்ஸ் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுகிறார் போலிருக்கிறது" என்று மேலதிகாரியிடம் சொல்லியும் வைத்தேன். நர்ஸிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோ தயாரானது. அடித்த பட்டியலின் நகலையும் மெமோவையும் கொடுத்து, நேரில் போய்ப் பதிவேட்டைச் சரிபார்த்துவிட்டு வா என்று என்னையே அனுப்பினார்கள். இப்படித்தான் நான் கிளம்பினேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் வாடகை அறையில் இருந்து காலை 5.40க்குப் புறப்பட்டு, டவுன் பஸ் பிடித்து பஸ் நிலையம் சேர்ந்தேன். நாமக்கல் பஸ் 6.15க்கு. டிக்கெட் நாலு ரூபாய் எண்பது காசு. வலதுபுற ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன், போகும்போது அந்தப் பக்கம்தான் வெயில் கம்மி. சுமார் இருபத்தேழு கிலோமீட்டரில் ராசிபுரம். அங்கே ஏறியவர்களில் பாதிப்பேர் கையில் நெய் டின், ஒருவர் மடியில் துணி சுற்றிய பட்டுச் சேலைப் பொதி. பஸ்ஸுக்குள் திடீரென்று கல்யாண வீட்டு வாசனை.

எல்லாரும் ஏறின பிறகும் பஸ் நகரவில்லை. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து கண்டக்டரிடம் நாலாக மடித்த ஒரு சீட்டைக் கொடுத்தார். "எருமப்பட்டி வண்டியில குடுத்துருங்கண்ணா, இன்னிக்கே போயாவணும்" என்றார். கண்டக்டர் அதைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, அவரிடம் ஊர்க்கதை இரண்டு பேசிவிட்டுத்தான் விசில் ஊதினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து "ராசிபுரம், மூன்று நிமிடம் வீண்" என்று குறிப்பேட்டில் எழுதினேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

7.50க்கு நாமக்கல். லாரிப் பட்டறைகளில் அந்நேரத்துக்கே சுத்தியல் சத்தம் தொடங்கியிருந்தது. மலைக்கோட்டையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நாலு இட்லி, ஒரு டீ. இட்லி சுமார், டீ பிரமாதம். 8.35க்கு எருமப்பட்டி பஸ், ஒரு ரூபாய் அறுபது காசு, பதினேழு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு, இடையிடையே கோழிப்பண்ணைக் கொட்டகைகள். எருமப்பட்டியில் இறங்கி, டீக்கடையில் வேலங்காட்டுக்கு வழி கேட்டேன். பஸ் இல்லை, ஆறு கிலோமீட்டர். பக்கத்துக் கடையில் மணிக்கு ஐம்பது காசுக்கு வாடகை சைக்கிள் கிடைத்தது. கிளம்பும்போது டீக்கடைக்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், வேலங்காட்டுக்குத்தான போறீங்க? இதைய நர்ஸம்மாகிட்டக் குடுத்துருங்க."

பார்த்தால் ராசிபுரத்தில் என் மூன்று நிமிடத்தைத் தின்ற அதே சீட்டு. இரண்டு கண்டக்டர், ஒரு டீக்கடை தாண்டி இப்போது என் சட்டைப்பையில்.

பத்து மணிக்கு வேலங்காடு. நர்ஸின் துணைச் சுகாதார நிலையம் ஒற்றை அறை, பூட்டியிருந்தது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். வேலை நேரத்தில் ஆள் இல்லை என்று மெமோவில் ஒரு வரி சேர்க்கலாமே! கிட்டப் போனால் கதவில் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது: "கிழக்குத் தெருக் கிணறு, 11 மணி வரை. பிறகு மேற்குத் தெரு." சந்தோஷம் போய்விட்டது.

நர்ஸ் மரகதம் கிணற்றடியில் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தெளிநீரைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றிப் பெண்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "இன்னிக்கு எத்தன கொடமுங்க?" அவர்கள் மூன்று, நான்கு என்று சொல்ல, அதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். குடத்துக்கு இத்தனை சொட்டு என்று கணக்கு, அதனால் எத்தனை குடம் என்று தெரிந்தால்தான் பாட்டிலில் எவ்வளவு ஊற்றுவது என்று தெரியும்.

நான் யார் என்று சொல்லி மெமோவை நீட்டினேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படித்தார். பிறகு சிவப்புக் கோடு போட்ட பட்டியலைப் படித்தார், அதைக் கொஞ்சம் அதிக நேரம். கோபப்படவில்லை.

"வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க சார். காய்ச்சுன தண்ணிதானுங்க" என்றார். "அப்பறம் உள்ள வாங்க, பதிவேட்டப் பாருங்க."

அந்த ஒற்றை அறையில் நான் பார்த்ததை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். குடும்பநல விளம்பரத் தாள் ஒன்றைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் ஊரை வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். வட்டங்கள் கிணறு, கட்டங்கள் வீடு. ஒவ்வொரு வீட்டில் இருந்தும் அது எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறதோ அந்த வட்டத்துக்கு ஒரு கோடு. காமாலை வந்த வீட்டின் மேல் மஞ்சளைக் குழைத்து ஒரு புள்ளி. கர்ப்பிணி இருக்கும் வீட்டின் மேல் குங்குமப் புள்ளி. பள்ளிக்கூட வாத்தியாரிடம் கேட்டு வாங்கிய ஸ்கேலும் வீட்டு அஞ்சறைப்பெட்டியும்தான் மொத்தக் கருவிகள். தெற்குக் கிணற்றுக் கோடுகளின் முனையெல்லாம் மஞ்சளாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் மூன்று வாரம் கூட்டிக் கழித்தும் தெரியாத விஷயம் அந்தச் சுவரில் ஒரே பார்வையில் தெரிந்தது. தெற்குக் கிணற்றை அவர் பத்து நாளுக்கு முன்பே முள்வெட்டிப் போட்டு அடைக்கச் சொல்லிவிட்டாராம்.

"மஞ்சளும் குங்குமமும் எங்க கிட்டக்க வருதோ, அங்க மொதல்ல போவேனுங்க" என்றார், ஏதோ கடைக்குப் போவதைச் சொல்வது மாதிரி.

நான் விடுவேனா? குங்குமப் புள்ளிகளை எண்ணினேன், பதினொன்று. "இதில் ஏழு பேர் வேறு ஊர்க்காரர்கள் அம்மா. கணவன் வீட்டு ஊரில் பதிவாகி இருக்கிறார்கள்" என்றேன்.

"ஆமாங்க, பதிவு அங்கதான். ஆளு இங்கதானுங்களே இருக்குது? கட்டுச்சோறு முடிஞ்சு வந்துட்டாங்க."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. கட்டுச்சோறு தெரியாத வாசகர்களுக்கு: கொங்குப் பக்கம் தலைப்பிரசவத்துக்கு முன்னால், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, பெண் வீட்டார் விதவிதமான சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய் விருந்து வைத்து, மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். நிறைமாதக் கர்ப்பிணி எங்கே இருப்பாள் என்று கேட்டால் இந்தப் பக்கத்துச் சின்னக் குழந்தைகூடத் தாய்வீடு என்று சொல்லும். என் சொந்த அக்காவை அப்படிக் கூட்டிவந்தபோது புளிச்சோற்று அண்டாவைத் தூக்கிச் சுமந்தவனே நான்தான். ஆனால் மேஜையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவைத் திறந்ததும் அது எப்படியோ மறந்துபோனது.

மரகதமும் மற்ற ஊர் நர்ஸுகளும் இதற்கு ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள். மாதக் கூட்டத்தில் சந்திக்கும்போது தங்களுக்குள் பேசி முடிவு செய்ததாம், எந்த உத்தரவும் கிடையாது. ஒரு ஊரில் கட்டுச்சோறு முடிந்ததும் அந்த ஊர் நர்ஸ், தாய்வீட்டு ஊர் நர்ஸுக்கு ஒரு சீட்டு எழுதி பஸ்ஸில் கொடுத்துவிடுவார்: பெயர், மாதம், தடுப்பூசி எத்தனை போட்டாயிற்று, எந்த வீட்டுக்குப் போகிறாள். அவசரமில்லாததற்குப் பதினைந்து காசு அஞ்சலட்டை. பெண் ஊர் மாறினால் அவளைப் பற்றிய தகவலும் கூடவே ஊர் மாறும். இன்று இதற்குப் பெரிய பெயர்களும் செயலிகளும் வந்துவிட்டன. அன்றைக்கு அது கண்டக்டர் தொப்பிக்குள் பயணம் செய்தது.

அப்போதுதான் என் பையில் இருந்த சீட்டு ஞாபகம் வந்து எடுத்துக் கொடுத்தேன். பிரித்துப் படித்தவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பூங்கொடி என்று ஒரு பெண். எட்டு மாதம் முடிந்தவள், தலைப்பிரசவம். தாய் நல்லம்மா வேலங்காட்டுக்காரர், கணவன் வீடு ராசிபுரத்துப் பக்கம். வந்து இருபது நாள் இருந்தவள் சனிக்கிழமை முதல் கண்ணில் படவில்லை. கேட்டதற்கு, ஊரில் காமாலையாக இருக்கிறது என்று மாமியார் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டோம் என்று நல்லம்மா சொல்லியிருக்கிறார். மரகதம் திங்கட்கிழமை சாயங்கால பஸ்ஸில் ராசிபுரத்துப் பக்கத்து நர்ஸுக்குச் சீட்டு அனுப்பி விசாரித்திருக்கிறார். நான் சுமந்து வந்தது அதற்குப் பதில்: "பூங்கொடி இங்கே வரவில்லை. மாமியார் அவள் வேலங்காட்டில்தான் இருக்கிறாள் என்கிறார்."

என் பட்டியலில் அவள் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. நிஜத்தில் இரண்டு இடத்திலும் ஆள் இல்லை.

மரகதம் குடக்கணக்கு நோட்டைப் புரட்டினார். நல்லம்மா வீட்டுப் பக்கத்தில் விரலை வைத்துக் கீழே இறங்கினார். "இங்க பாருங்க சார். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு, ரெண்டு கொடம். மக வந்தப்பறம் மூணு. சனிக்கெழம மக போயிட்டாங்கறாங்க. அப்ப திரும்ப ரெண்டாவணுமல்லங்க? ஞாயித்துக்கெழம நாலு கொடத்துக்கு மருந்து வாங்கியிருக்கறாங்க. நேத்தும் நாலு. மக ஊட்ட உட்டுப் போயிட்டா, கொடம் கூடியிருக்குது!"

நோட்டை மூடினார். "நோவாளி இருந்தாத்தான் தண்ணி இப்படிக் கூடும். ஊட்டுல இல்ல, தோட்டத்துச் சாளைல வெச்சிருக்கறாங்க. எந்திரிங்க."

நல்லம்மாவின் மரவள்ளித் தோட்டம் ஊரில் இருந்து இரண்டரை கிலோமீட்டர். சாளை என்றால் காட்டுக்குள் தங்குவதற்குப் போட்ட கூரைக்கொட்டகை. அவர் சைக்கிளில் முன்னால் போக, நான் பின்னால் போனேன். பதினோரு மணி வெயில். மணல் பாதையில் இரண்டு இடத்தில் நான் இறங்கித் தள்ளினேன், அவர் இறங்கவில்லை.

எங்களைப் பார்த்ததும் நல்லம்மா சாளை வாசலில் வந்து நின்றுகொண்டார். கையில் கஞ்சி ஊற்றிய தூக்குப்போசி. அவர் கணவர் பின்னால் தலையைக் குனிந்து நின்றார். உள்ளே கயிற்றுக் கட்டிலில் பூங்கொடி படுத்திருந்தாள். பக்கத்தில் மோரில் அரைத்துக் கலக்கிய கீழாநெல்லி, ஆடை படிந்து அப்படியே இருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். வெள்ளை இருக்கவேண்டிய இடமெல்லாம் மஞ்சள். என்னைப் பார்த்துச் சிரித்து, "எப்ப வந்தீங்க கொழுந்தனாரே? மாட்டுக்குத் தண்ணி வெச்சாச்சா?" என்றாள். என்னை அவளுக்கு முன்பின் தெரியாது. கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

மரகதத்தின் முகம் மாறியதை அப்போது பார்த்தேன். காமாலையில் புத்தி தடுமாறித் தூக்கம் அழுத்தினால் நேரம் இல்லை என்று அர்த்தமாம், பிறகு சொன்னார்.

"எத்தன நாளா தூங்கிட்டே இருக்கறா அக்கா?"

"நேத்துலருந்துங்க நர்ஸம்மா. அசதின்னு நெனச்சோம். யாருகிட்டயும் சொல்லீராதீங்க. அவிய ஊட்டுக்குத் தெரிஞ்சா, நல்லா இருந்த புள்ளையக் கூட்டிப்போயி நோவு குடுத்துப்போட்டாங்கன்னு ஏசிப்போடுவாங்க. அப்பறம் புள்ளைய ஏத்துக்கவே மாட்டாங்க."

"சம்பந்தி ஊட்டுக்கு நான் ஒரு வரி எழுதமாட்டேனுங்க அக்கா. ஆசுபத்திரிக்கு மட்டுந்தான் எழுதறேன். உங்க மேல எனக்குக் கோவமில்ல. ஒளிச்சு வெச்சாலும் மருந்துத்தண்ணி மட்டும் தவறாம வாங்கிக் குடுத்தீங்கள்ல, அதுலதான் நான் கண்டுபிடிச்சேன். இப்ப புள்ளையத் தூக்குங்க."

நல்லம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதார். பிறகு வழியை விட்டார்.

சாளையில் இருந்து தார்ச்சாலை நானூறு மீட்டர். வண்டி பிடிக்க நான் சைக்கிளில் பறந்தேன். 12.20க்கு ஒரு கோழிப்பண்ணை முட்டை வேன் வந்தது, நடுரோட்டில் சைக்கிளைப் போட்டு நிறுத்தினேன். டிரைவர் இறங்கி என்னைத் திட்டினார். திட்டி முடிக்கும்போது, பூங்கொடியின் அப்பாவும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவரும் கட்டிலோடு அவளைத் தூக்கிவருவது தெரிந்தது. அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு, பேசாமல் முன் சீட்டில் இருந்த அட்டைகளை எடுத்துப் பின்னால் போட்டார்.

"கொஞ்சம் அலுங்காமல் போகவேண்டும்" என்றேன், பெரிய மனுஷன் தோரணையில்.

"ஏனுங்க சார், ஒண்ணுகூட ஒடையாம தெனமும் முட்டை கொண்டுபோறவன்கிட்ட வந்து சொல்றீங்களே! ஏறுங்க."

போகிற வழியில் மரகதம் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டே வந்தார். வேன் குலுங்கக் குலுங்க எழுத்து கோணிக்கோணி ஓடியது. என் கையெழுத்துக்கு அது உறைபோடக் காணாது. எழுதி முடித்து அதைப் பூங்கொடியின் சேலை முந்தானையில் ஊக்கால் குத்தினார். எட்டு மாதம் முடிந்து இருபத்தைந்து நாள், தலைப்பிரசவம். கண் மஞ்சளாகி நாலு நாள். நேற்று முதல் தூக்கம், இன்று 11.40க்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. தடுப்பூசி ஒன்று ராசிபுரத்துப் பக்கம், இரண்டாவது வேலங்காடு. தெற்குக் கிணற்றுத் தண்ணீர். குழந்தை அசைவு உண்டு. இவ்வளவுதான்.

1.25க்கு நாமக்கல் மருத்துவமனை. வாசலில் இருந்த நர்ஸ் முந்தானையைத் திருப்பி அட்டையைப் படித்தார். அரை நிமிடம் இருக்கும். யாரையும் ஒரு கேள்வி கேட்காமல் அவளை உள்ளே கொண்டுபோகச் சொல்லி, டாக்டரைக் கூப்பிட ஆளை அனுப்பினார். நான் நடத்திவந்த படிவத்தில் முப்பத்திரண்டு கட்டங்கள் உண்டு. அட்டையில் இருந்த பாதி விஷயத்துக்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

மூன்றரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து, "சரியான நேரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள், இரண்டு நாள் போனால்தான் உறுதியாகச் சொல்லமுடியும்" என்றார். நல்லம்மா மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். மரகதம் அந்தக் கையை எடுத்து என் பக்கம் திருப்பிவிட்டார்.

"இந்த சார் சேலத்துலருந்து உங்க புள்ள பேரத் தேடிக்கிட்டு வந்தாருங்க அக்கா. சீட்டுக் கொண்டுவந்ததும் இவருதான், வண்டி நிறுத்துனதும் இவருதான்."

அந்த அம்மாள் என் இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லாயிருப்பீங்க சாமி" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டு நின்றதில்லை.

வெளியே டீக்கடையில் மரகதத்திடம் கேட்டேவிட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீர்கள்? அந்தப் பேரை அடித்ததே நான்தான்."

"தெரியுமுங்க. கிணத்தடியிலயே பார்த்தேன், கோட்டுக்குப் பக்கத்துல உங்க கையெழுத்து இருந்துச்சே" என்றார். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இன்னும் ஆறு பேரு ஊர்ல இருக்கறாங்க சார். நாளைக்கே வேன் வேணும். உங்கள நாலு வார்த்தை பேசி அனுப்பியுட்டா எனக்கு மனசு ஆறும். வேன் வருமுங்களா?"

நான் பத்து ரூபாய் நோட்டை நீட்டுவதற்குள் அவரே டீக்காசைக் கொடுத்துவிட்டு, மேற்குத் தெரு இன்னும் பாக்கி என்று எருமப்பட்டி பஸ்ஸில் ஏறிப்போய்விட்டார்.

4.30 பஸ்ஸில் சேலம் திரும்பும்போது மடியில் வைத்து அறிக்கை எழுதினேன். எங்கள் அலுவலக அறிக்கைகளில் எதுவும் யாராலும் செய்யப்படுவதில்லை, எல்லாம் தானாக "நீக்கப்பட்டுள்ளது", "விடுபட்டுள்ளது". நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ராசிபுரம் தாண்டும்போது அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். "ஏழு கர்ப்பிணிகளின் பெயர்களை நீக்கியது நான். நீக்கியது தவறு. ஏழு பேரும் வேலங்காட்டில்தான் இருக்கிறார்கள்." ஆறரை மணிக்கு மேலதிகாரியின் வீட்டுக்கே போய்க் கொடுத்தேன். அவர் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுதமுடியாது. ஆனால் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மரகதத்துக்குப் போன மெமோ ரத்தானது, எனக்கு ஒன்று வந்தது.

நர்ஸிங் படிக்கும் அந்தப் பெண்ணுக்கும், பட்டியலோடு கிராமத்துக்குப் போகும் யாருக்கும் எனக்குத் தெரிந்த யோசனைகள் சில. சித்திரை, வைகாசியில் போனால் காலை பத்தரைக்குள் வீடுகளை முடித்துவிடுங்கள், பிறகு எல்லாரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். எருமப்பட்டிக்கு அப்பால் இப்போது மினி பஸ் ஓடுகிறது என்கிறார்கள், ஆனாலும் சைக்கிளோ வண்டியோ கையில் இருப்பது நல்லது. காய்ச்சின தண்ணீர் இரண்டு பாட்டில். வீட்டு வாசலில் நின்று "இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்" என்று கேட்டால் ரேஷன் கார்டில் உள்ள பெயர்கள்தான் வரும். "வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள், யார் போயிருக்கிறார்கள்" என்று கேளுங்கள். அந்த ஊர் நர்ஸ் ஏதாவது ஒரு பழைய நோட்டில் தனக்காக எழுதிவைத்திருப்பார். உங்கள் படிவத்தை எடுப்பதற்கு முன்னால், அதைக் காட்டச் சொல்லிப் பணிவாகக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இரண்டு கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால், அவரைச் சந்தேகப்படுவதற்கு முன் உங்கள் கணக்கைச் சந்தேகப்படுங்கள்.

மறுநாள் புதன்கிழமை காலை 9.15க்கு வேன் வேலங்காட்டில் நின்றது, நானும் அதில் போனேன். மரகதம் பத்து பேரையும் வரிசையாக உட்காரவைத்திருந்தார். டாக்டர் ஒவ்வொருவர் கண்ணிமையாக இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அடித்த பெயர்களில் மீதி இருந்த ஆறு பேரில் இரண்டு பேருக்குக் கண் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது, அவர்களுக்கே இன்னும் தெரியாது. இருவரையும் அப்போதே வேனில் ஏற்றினார்கள். பூங்கொடி பதினோரு நாள் கழித்து ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள், எடை கம்மி, ஆனால் நல்ல குரல். அந்த இருவருக்கும் அடுத்த மாதத்தில் சுகப்பிரசவம். நான் போட்ட வரிசைப்படி விட்டிருந்தால், பூங்கொடிக்குக் குழந்தை பிறந்த அன்றைக்குத்தான் வேன் வேலங்காட்டுக்குக் கிளம்பியிருக்கும்.